ஏஎம்சியில் வராத வேலை

"வருஷா வருஷம் ஏஎம்சி கட்டறோம். சட்டம் மாறினா சாஃப்ட்வேரை மாத்தித் தர்றதும் அதுலயே வராதா தம்பி?"

ஆத்தூர் ரோட்டில் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி நடத்துபவர் கேட்டது. ஏஎம்சி என்றால் அவருடைய பில்லிங் சாஃப்ட்வேருக்கு எங்கள் கம்பெனியோடு போட்டிருக்கும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் வர்த்தகம் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்று அறிவிப்பு வந்திருந்த சமயம். "வராதுங்கண்ணா, இது தனி புராஜெக்ட்" என்றேன். கொட்டேஷன் கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஜிஎஸ்டி ரேட் மாறினால் அதை மாற்றித் தருவது பராமரிப்பு. இ-இன்வாய்ஸ் அப்படியில்லை. ஒவ்வொரு பில்லும் அரசு போர்ட்டலுக்குப் போய், 64 எழுத்து ஐஆர்என்னும் (அந்த பில்லுக்கான அடையாள எண்) கியூஆர் கோடும் வாங்கித் திரும்ப வேண்டும். முன்பு இல்லாததைப் புதிதாகக் கட்டுகிறோம். தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. இதையெல்லாம் ஏஎம்சியில் செய்தால் எங்களைப் போன்ற சின்ன கம்பெனி சம்பளம் போட முடியாது.

ஆனால் அவர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்? அவருக்குப் புதிதாக என்ன கிடைத்தது? நேற்று போட்ட பில்லை நாளைக்கும் போட முடிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்குப் பெயர் பராமரிப்பு இல்லையா?

நவராத்திரி விரதத்துக்கு மகாராஷ்டிரத்தில் ஜவ்வரிசி நன்றாக ஓடும். அந்த லோடு ஏற்றி லாரி நிற்கிறது. வாங்குபவரின் பின்கோடும் மாநிலமும் பொருந்தவில்லை என்று போர்ட்டல் பில்லைத் திருப்பிவிட்டது. ராத்திரி போனை எடுத்தது எங்கள் சப்போர்ட் பெண். விலாசத்தைச் சரிபார்த்து, பின்கோடைத் திருத்தி, பில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். புராஜெக்ட்டை நான் அதற்கு முன்பே குளோஸ் செய்து கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

மறுநாள் காலை வந்து கேட்டாள்: "சார், ராத்திரி வந்த போன் காலை எதுல போடட்டும்? கம்ப்ளெயின்ட் பதியற டிக்கெட்ல இ-இன்வாய்ஸ்னு கேட்டகரியே இல்லையே."

"ஜெனரல்ல போட்டுடும்மா."

சட்டென்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டது வெறும் கேட்டகரியையா? அந்த மாதம் அவள் பார்த்த வேலையில் பாதி அந்த 'ஜெனரல்'லில்தான் போய்ச் சேர்ந்தது. அப்ரைசலில் புராஜெக்ட் என் பெயரில் வந்தது. விதிப்படி அதுவும் சரி.

அடுத்த ஏஎம்சியில் இ-இன்வாய்ஸ் சப்போர்ட்டைத் தனி வரியாகச் சேர்த்தேன். "அதான் அப்பவே தனியா காசு வாங்கிட்டீங்களே" என்று தொகையை உயர்த்த மறுத்துவிட்டார். வரியை நான் எடுக்கவில்லை. டிக்கெட்டில் கேட்டகரி மட்டும் வந்திருக்கிறது.