புரட்டாசியில் எடுக்கும் ரத்தம்

செப்டம்பர் பாதி தாண்டியதும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் கூட்டம் மாறும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ஐசிபிங்கோ பக்கமிருந்து வரும் நம் ஆட்களில் பலர் புரட்டாசி விரதம். கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. "வாய் சுத்தமாக இருக்கிறது, இப்போதே கொலஸ்ட்ராலையும் பார்த்துவிடலாம்" என்று கையை நீட்டுகிறார்கள். அந்த ரத்தத்தில் கிடைக்கும் எண் புரட்டாசியின் எண். மற்றப் பதினோரு மாதத்துக்கு அது சாட்சி சொல்லாது.

சாப்பாடு மாறினால் மூன்று நான்கு வாரத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். புதிய அளவுக்கு வந்துவிடும். ஆட்டுக்கறியின் கொழுப்பு நின்றதால் அது இறங்கியிருக்கலாம். ஆனால் விரத இலையில் என்ன விழுகிறது? பூரி, பட்டா (மாவு தடவிச் சுருட்டிய இலைப் பலகாரம்), வடை, வெள்ளைச் சோறு, பாயசம். மிஞ்சிய மாவையும் சர்க்கரையையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. ஒன்று இறங்க, இன்னொன்று ஏறுகிறது. வீட்டில் தாளைப் பிரிப்பவர்கள் பார்ப்பதோ மேல்வரியை மட்டும்: மொத்தக் கொலஸ்ட்ரால் 5-க்குக் கீழே, நல்லது.

அந்த மேல்வரிதான் நம்மவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. எங்கள் பரிசோதனைக் கூட மேஜையில் திரும்பத் திரும்பக் காணும் வகை இது: மொத்தக் கொலஸ்ட்ரால் 4.9, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 0.8, ட்ரைகிளிசரைடு 3.1. அளவு எல்லாம் மில்லிமோலில், ஒரு லிட்டருக்கு. எல்.டி.எல்.லைக் கணக்குப் போட்டால் 2.7 வரும். பொதுவான வரம்பு 3.0 என்பதால் அதுவும் தப்பித்துவிடும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்: 4.1. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையக்கூடிய துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ரால் முழுவதும் இதில் அடங்கும். இதற்கான வரம்பு எல்.டி.எல். வரம்போடு 0.8 கூட்டியது, அதாவது 3.8. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 1.8-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்தால், இது 2.6-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டி 2019-இல் அந்த 1.8-ஐயும் 1.4 ஆக்கிவிட்டது. கழித்தல் ஒன்றுதான், தனிக் கட்டணம் இல்லை, வெறும் வயிறும் தேவையில்லை. இருந்தும் பலர் அதைச் செய்வதில்லை என்பது எங்களுக்குத் தீராத வருத்தம்.

ட்ரைகிளிசரைடு கூடும்போது என்ன நடக்கிறது என்றால், கல்லீரல் அனுப்பும் பெரிய துகள்கள் தங்களிடமுள்ள ட்ரைகிளிசரைடை எல்.டி.எல்., எச்.டி.எல். துகள்களுக்குக் கொடுத்து, பதிலுக்குக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அப்படி வாங்கிய ட்ரைகிளிசரைடைக் கல்லீரலின் நொதி உடைத்தபின் எல்.டி.எல். துகள் சிறுத்து அடர்த்தியாகிறது. எச்.டி.எல். சிறுத்துச் சீக்கிரம் ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் கொலஸ்ட்ரால் குறைவு என்பதால், அதே 2.7-ஐச் சுமக்கக் கூடுதல் துகள்கள் வேண்டும். சுவருக்குள் நுழைவது துகள்தான். உள்ளே போனது அங்குள்ள புரதச் சர்க்கரை இழைகளில் ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வெள்ளணுக்கள் அதை விழுங்கி நுரைபோல உப்புகின்றன. அந்தத் திட்டின் மேல்மூடி மெலிந்து ஒருநாள் கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். ஒரு துகளுக்கு ஒரு அப்போ-பி புரதம் உண்டு. எண்ணிக்கையை நேராக அறிய வேண்டுமானால் அப்போ-பி அளக்கலாம். சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற மாரடைப்பு ஆய்வில், அப்போ-பிக்கும் எச்.டி.எல். துகளின் புரதமான அப்போ-ஏ1-க்கும் உள்ள விகிதம் மாரடைப்போடு மிக நெருங்கி நின்றது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8.

எண் இயந்திரத்தில் பிறப்பதாக வெளியே நினைக்கிறார்கள். பாதி எண் நாற்காலியிலேயே பிறந்துவிடுகிறது. வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்கார வைத்த பிறகே ஊசி. நின்றுகொண்டே இருந்தவரின் ரத்தத்தில் நீர் திசுக்களுக்குள் இறங்கிவிடுவதால் கொலஸ்ட்ரால் கூடித் தெரியும், படுத்திருந்தவருக்குக் குறையும். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதம் வரை போகும். கையில் கட்டும் பட்டையும் அப்படித்தான். நரம்பு கிடைக்கவில்லை என்று ஐந்து நிமிடம் கட்டியே வைத்தால் அதே அளவு பொய் ஏறிவிடும். ஒரு நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் அவிழ்த்துவிட்டு அடுத்த கைக்குப் போக வேண்டும்.

கேள்வி கேட்பதிலும் முறை இருக்கிறது. "வெறும் வயிறா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். காலையில் பால், சர்க்கரை போட்ட டீயை யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை. "ஆயா, நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? அதற்குப் பிறகு என்ன குடிச்சீங்க?" என்றால் உண்மை வரும். இப்போது முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் ட்ரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் 12 மணி நேரம் சாப்பிடாமல் மறுபடி எடுப்பதே சரி. சனிக்கிழமை கல்யாண பிரியாணியும் மதுவும், திங்கள்கிழமை ரத்தமும் என்றால் 12 மணி நேரமும் போதாது. மதுவுக்கு மூன்று நாள் இடைவெளி கேட்கிறோம். மால்களில் விரல் குத்திப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: கையில் தடவும் கிரீமில் கிளிசரின் இருக்கும். ட்ரைகிளிசரைடு சோதனை அதை உடைத்து வரும் கிளிசராலைத்தான் அளக்கிறது. ஆகவே கிரீம் பூசிய விரலில் எடுத்த சொட்டு ட்ரைகிளிசரைடைக் கூட்டிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, முதல் சொட்டைத் தள்ளிவிட வேண்டும்.

சுழற்றி எடுத்த ட்யூபில் சீரம் மோர்போல் கலங்கியிருந்தால், இயந்திரம் சொல்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மேலே ஏடு கட்டிக் கீழே தெளிந்தால் அது சாப்பாட்டிலிருந்து வந்த கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகள். ஏடு கட்டாமல் முழுதும் கலங்கியே நின்றால் கல்லீரல் அனுப்பியது. இரண்டும் சேர்ந்தும் வரும். இப்படிப்பட்ட சீரத்தில் சோடியமும் பொய்யாகக் குறையும். இயந்திரம் சீரத்தை நீர்த்து அளக்கும்போது, கொழுப்பு பிடித்த இடத்தையும் நீராகக் கணக்கிடுவதே காரணம். ட்ரைகிளிசரைடு 10-ஐத் தாண்டியிருந்தால் இதயத்துக்கு முன் கணையத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அந்த முடிவு வரிசையில் காத்திருக்கக் கூடாது. மருத்துவரை அன்றே அழைக்க வேண்டும்.

எல்.டி.எல். பெரும்பாலும் அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. 1972-இல் ஃப்ரீட்வால்ட் தந்த வழி: மொத்தத்தில் எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்ததையும் கழிப்பது. ட்ரைகிளிசரைடு 4.5-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். எல்.டி.எல். மிகக் குறைவாக இருக்கும்போதும் இன்னும் குறைத்துச் சொல்லும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவருக்கு இது வீண் நிம்மதி. சென்னைக்குப் போய்வந்தவர்கள் மில்லிகிராமில் எழுதிய தாளோடு வருவார்கள். அதை மில்லிமோலாக்கக் கொலஸ்ட்ராலை 38.7-ஆல் வகுக்க வேண்டும், ட்ரைகிளிசரைடை 88.6-ஆல். இரண்டையும் 38.7-ஆலேயே வகுத்துவிடும் பிழை அடிக்கடி நடக்கிறது. 275 என்ற ட்ரைகிளிசரைடு உண்மையில் 3.1. பிழையாக வகுத்தால் 7.1 ஆகி வீட்டையே கலக்கிவிடும். இன்னொன்று: ஒரே ஆளுக்கே கொலஸ்ட்ரால் நாளுக்கு நாள் ஆறு சதவீதம் போல ஆடும், ட்ரைகிளிசரைடு இருபது சதவீதம் போல. 4.9-க்கும் 5.2-க்கும் சண்டை போட வேண்டாம்.

மாரடைப்பு வந்து படுக்கையில் இருக்கும்போது எடுக்கும் ரத்தத்தில் கவனம் வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் எண் நம்பத்தக்கது. பிறகு உடலின் அழற்சியால் எல்.டி.எல். இறங்கும், ட்ரைகிளிசரைடு ஏறும். பழைய நிலைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஐந்தாம் நாள் தாளில் எல்.டி.எல். 2.2 என்று கண்டு, "கொலஸ்ட்ராலால் வரவில்லையாம்" என்று குடும்பமே சொல்லிக்கொள்கிறது, மாத்திரை அலமாரிக்குப் போகிறது. மாதிரி எடுத்த தேதியையும் நெஞ்சுவலி வந்த தேதியையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே இதைத் தடுக்கலாம்.

எல்.டி.எல். 4.9-க்கு மேல் நின்றால் தைராய்டு, சிறுநீரில் புரதம், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட்டு, பரம்பரைக் குறையா என்று யோசிக்க வேண்டும். குதிகால் தசைநாரைத் தடவிப் பாருங்கள், தடித்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் ஆப்ரிகானர்களிடம் இது மிக அதிகம் என்பதால் அவர்களுடைய நோய் என்று சிலர் எண்ணுகிறார்கள். நம் வீடுகளிலும் இருக்கிறது. ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்தாக வேண்டும்.

ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எல்.டி.எல்.லை ஒவ்வொரு 1 மில்லிமோல் இறக்கும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக இறங்குவது ஆறு சதவீதம்தான். ஆக முதல் மாத்திரையைத் தவறாமல் போடுவதே பெரிய காரியம். சிம்வாஸ்டாட்டினை இரவில், அடோர்வாஸ்டாட்டினை எப்போது வேண்டுமானாலும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர் சிம்வாஸ்டாட்டினை 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. எச்.ஐ.வி.க்கு ரிட்டோனாவிர் கலந்த மருந்து எடுப்பவர் சிம்வாஸ்டாட்டினைத் தொடவே கூடாது; தசை சிதையும்.

விரதத்துக்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. புரட்டாசி முடிந்தாலும் உடனே ரத்தம் எடுக்க வர வேண்டாம். ஐப்பசியில் தீபாவளி வரும், தட்டுத் தட்டாகப் பலகாரம் வரும். வழக்கமான சாப்பாட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு, கார்த்திகையில் ஒரு காலை வந்தால் போதும். நெஞ்சுவலி இருப்பவருக்கு இந்தக் காலண்டர் எதுவும் பொருந்தாது. அவர் அன்றைக்கே வர வேண்டும், மருத்துவமனைக்கு.