நவம்பர் நகராது: வெண்வால் மான் இணைசேரும் நாட்களும் வேட்டைப் பருவமும்

அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இணைசேரும் பருவத்தை ரட் என்பார்கள். "இந்த வருஷம் ரட் சீக்கிரம் வந்துவிட்டது" என்று ஒருவர் சொல்வார். பக்கத்துக் காட்டில் உட்கார்ந்தவர் "இல்லை, தள்ளிப்போய்விட்டது" என்பார். இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் முடிவு தவறு. ஓரிடத்து மான்கள் இணைசேரும் நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு அநேகமாக மாறுவதே இல்லை. அந்த நாட்களில் நம் கண்ணில் என்ன படுகிறது என்பதுதான் மாறுகிறது. விடுப்பு எடுப்பது, பரண் கட்டுவது, எந்த வாரம் முழுநாளும் உட்காருவது எல்லாமே இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

காரணம் பகல் வெளிச்சம். கோடை முடிந்து பகல் குறுகக் குறுக, மானின் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனினைக் கூடுதலாகச் சுரக்கும். அதைத் தொடர்ந்து கிடாவின் (ஆண்மானின்) உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் கொம்பின் மேலிருந்த மென்தோல் உரிந்துவிடும். கழுத்து பருக்கும். பிணைகளும் (பெண்மான்களும்) அதே வெளிச்சக் கணக்கில்தான் சினைப்பருவத்துக்கு வருகின்றன. ஓரிடத்தில் நவம்பர் 10 அன்று பகல் எவ்வளவு நீளமோ அடுத்த ஆண்டும் அதே நாளில் அவ்வளவே நீளம். குளிரோ மழையோ நிலவோ அதைத் தொட முடியாது.

வடக்கில் இந்த நாட்கள் இறுக்கமாக அமைந்திருப்பதற்குக் குட்டிதான் காரணம். சினைக்காலம் சுமார் 200 நாள். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிறக்கும் குட்டிக்குப் புல்லும் தழையும் கிடைக்கும், பனிக்காலத்துக்குள் வளர நேரமும் இருக்கும். முந்திப் பிறந்தால் குளிர் கொல்லும், பிந்திப் பிறந்தால் வளராத உடம்போடு பனியில் மாட்டிக்கொள்ளும். ஜூன் 1 அன்று பிறந்த குட்டிக்கு 200 நாள் பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 13 வரும். மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா, ஒஹையோ, அயோவா, கனடாவின் தெற்குப் பகுதி என்று எங்கும் பெரும்பாலான பிணைகள் நவம்பர் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இணைசேர்வது இதனால்தான்.

தெற்கே போனால் இந்தக் கணக்கு குலைந்துவிடும், வடக்கில் படித்ததை அங்கே கொண்டுபோனால் ஏமாற்றம்தான். பனி நெருக்காத இடத்தில் குட்டி பிறக்கும் நாளை இயற்கை அவ்வளவு கெடுபிடியாக வைத்திருக்கவில்லை. டெக்சாஸ் என்ற ஒரே மாநிலத்தில் கடலோரச் சமவெளியின் வடபகுதி மான்கள் செப்டம்பர் இறுதி வாக்கில் உச்சத்துக்கு வருகின்றன, தெற்கு டெக்சாஸ் மான்களோ டிசம்பர் நடுவைத் தாண்டித்தான். அலபாமாவின் பெரும்பகுதியில் ஜனவரி. அங்கே வேட்டைப் பருவம் பிப்ரவரிக்குள் நீள்வதற்கு இதுவும் காரணம். ஃப்ளோரிடாவில் தென்கோடியில் ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்கி வடமேற்கில் பிப்ரவரி வரை போகும். இருபதாம் நூற்றாண்டில் மான் அழிந்துபோன மாவட்டங்களில் வேறு மாநிலத்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மான்களின் சந்ததி தாய்நிலத்து நாட்காட்டியைக் கைவிடவில்லை. அலபாமாவில் மிச்சிகன் வழிவந்த மான்கள் உள்ள இடங்களில் நவம்பரிலேயே ரட் வருவதும், சில மைல் தள்ளி ஜனவரியில் வருவதும் அப்படித்தான்.

ஆகவே முதல் வேலை உங்கள் மாவட்டத்து நாளைத் தெரிந்துகொள்வது. மாநில வனவிலங்குத் துறையின் கணக்கே நம்பகமானது. வாகனத்தில் அடிபட்ட பிணைகளிலும் பருவக் கடைசியில் சுடப்பட்ட பிணைகளிலும் கருவை எடுத்து, நெற்றியிலிருந்து பிட்டம் வரை அளந்து, கருவின் வயதைக் கண்டு, சினையான நாளைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். ஃப்ளோரிடாவும் டெக்சாஸும் பகுதிவாரியாகத் தேதி வெளியிட்டிருக்கின்றன. ஜார்ஜியாவில் மான்மேல் வாகனம் மோதிய பதிவுகளை வைத்தே மாவட்ட வாரியாக வரைபடம் போட்டிருக்கிறார்கள். கிடா நிலைகொள்ளாமல் ஓடும் நாளில்தான் சாலையில் அதிகம் அடிபடும் என்பதால் அது நல்ல முறைதான்.

இனி, அந்த நாள் தெரிந்தும் கண் ஏன் ஏமாறுகிறது?

விஸ்கான்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் நன்றியறிதல் நாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழனுக்கு) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்தச் சனி சில ஆண்டு நவம்பர் 17 அன்றே வரும், சில ஆண்டு 23 வரை தள்ளும். 17 அன்று உட்கார்ந்தவர் கிடா பிணையைத் துரத்துவதைப் பார்ப்பார். 23 அன்று உட்கார்ந்தவர் துரத்தல் ஓய்ந்த காட்டைப் பார்த்துவிட்டு "ரட் முந்தியே முடிந்துவிட்டது" என்பார். மான் தன் நாளில்தான் இருந்தது, அவருடைய சனிக்கிழமைதான் ஆறு நாள் நகர்ந்தது. மிச்சிகனில் துப்பாக்கிப் பருவம் எந்தக் கிழமையானாலும் நவம்பர் 15 என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. மினசோட்டாவில் நவம்பர் 6க்கு அருகிலுள்ள சனி, அதாவது துரத்தல் சூடுபிடிக்கும் நேரம். பென்சில்வேனியாவில் நன்றியறிதல் நாளுக்குப் பின்தான் துப்பாக்கி, ரட்டின் உச்சம் வில்காரர்களுக்கு. அயோவாவில் முதல் ஷாட்கன் பருவம் டிசம்பர் முதல் சனிக்கிழமை. பெரிய கிடா மதிமறந்து திரியும் வாரத்தில் துப்பாக்கி இல்லாததால் நிறையக் கிடாக்கள் முதிர்ந்த வயதை எட்டுகின்றன. அயோவா பெரிய கொம்புக்குப் பெயர் பெற்றதில் இந்தத் தேதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது ஏமாற்று, வெப்பம். நவம்பருக்குள் மானுக்குக் குளிர்கால உரோமம் முழுதாக வந்துவிடும். அந்தக் கம்பளியோடு 20 டிகிரி செல்சியஸில் ஓட முடியாது. துரத்தலும் இணைசேர்தலும் நடக்கும், ஆனால் இரவில் நடக்கும். காலையில் பரணில் இருப்பவருக்குக் காடு செத்துக் கிடக்கும். குளிர்முகம் (குளிர்காற்றுத் திரள்) ஒன்று வந்து ஒரே நாளில் பத்து டிகிரி இறங்கினால், இரவில் நடந்ததெல்லாம் பகலில் தெரியும். "குளிர் ரட்டைக் கிளப்பிவிட்டது" என்பார்கள். வெப்பமான வாரமாக அமைந்தால் விடியற்காலையை விடாதீர்கள், படுக்கை இடத்துக்கு அருகிலுள்ள ஓடையையோ குட்டையையோ ஒட்டி உட்காருங்கள்.

நிலவுக் கோட்பாடு மூன்றாவது. இலையுதிர்காலச் சமபகல் நாளுக்குப் பின்வரும் இரண்டாம் முழுநிலவு ரட்டைத் தீர்மானிக்கிறது என்று சொல்லி நாட்காட்டியே விற்கிறார்கள். அந்த முழுநிலவு ஆண்டுக்கு ஆண்டு வாரக்கணக்கில் நகரும். கருவை அளந்து கண்ட தேதிகள் அதோடு சேர்ந்து நகரவில்லை. நிலவைப் பார்த்து விடுப்பு எடுப்பதை விட்டுவிடுங்கள்.

வடக்கத்திய நவம்பரை அடிப்படையாக வைத்து, எந்த நாளில் எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்போம். உங்கள் ஊர் உச்சம் ஜனவரி 20 என்றால் அதற்கேற்ப எல்லாவற்றையும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

அக்டோபர் நடுவில் மான் காணாமல் போய்விட்டது என்ற புலம்பல் எழும். பெரும்பாலும் ஓக் கொட்டை உதிரத் தொடங்கியிருக்கும், வயலை விட்டு மான் காட்டுக்குள் போயிருக்கும். வயலோரப் பரணில் காத்திருப்பது வீண்.

அக்டோபர் கடைசி வாரம் ஸ்க்ரேப்புக்கு உரியது. தாழ்ந்த கிளைக்குக் கீழே கிடா தரையைக் குளம்பால் கீறி, பின்னங்காலின் உள்பக்கச் சுரப்பி வழியே சிறுநீர் வழிய விடும். மேலே தொங்கும் கிளையை நக்கி, நெற்றியால் தேய்க்கும். கவனிக்க வேண்டியது அந்தக் கிளையைத்தான். கிளை நசுங்கி, நுனி நாராகத் தொங்கினால் பல கிடாக்கள் வருகின்றன என்று பொருள். ஆனால் வருகையில் பெரும்பகுதி இருட்டில். வயலோர ஸ்க்ரேப் அழகாகத் தெரியும், பகலில் பயன்தராது. அடர்ந்த மறைவுக்குள், படுக்கைக்கு நூறு கஜத்துக்குள் இருக்கும் ஸ்க்ரேப்பையே நம்பலாம். அதன்மேலேயே பரணைக் கட்டாதீர்கள். முதிர்ந்த கிடா நேரே வராது, காற்று வீசிச்செல்லும் பக்கமாகச் சுற்றிவந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அது சுற்றும் வழியைக் குறிவைத்து 20, 30 கஜம் தள்ளிக் கட்டுங்கள்.

நவம்பர் 1 முதல் 10 வரை எனக்குத் தெரிந்தவரையில் ஆண்டின் சிறந்த நாட்கள். இந்த வாரத்தில் கிடா தயார், பிணை இன்னும் தயாரில்லை. ஒவ்வொரு பிணைக் கூட்டத்தையும் மோந்து பார்த்தபடி கிடா தன் வழக்கமான எல்லையைத் தாண்டி அலையும். பிணை சிறுநீர் விட்ட இடத்தில் மேலுதட்டைச் சுருட்டி நிற்கும். இப்போது பிணைகளின் படுக்கைகளை இணைக்கும் இடுக்கு வழிகள்தான் இடம்: இரண்டு காட்டுத்துண்டுகளுக்கு இடையிலான குறுகிய மரவரிசை, ஓடையைக் கடக்கும் துறை, மலைமுகட்டின் தாழ்ந்த கணவாய். கொம்புகளைத் தட்டி நாம் எழுப்பும் மோதல் ஓசையும், கிடாவைப் போல உறுமும் ஊதியும் பலன் தருவது இந்த நாட்களில்தான். மெதுவாகத் தட்டுவதைவிடப் பலமாக மோதுவது தூரத்திலுள்ள கிடாவை இழுக்கும். அழைத்தபின் காற்று போகும் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

காலை பத்து மணிக்கு இறங்கிச் சாப்பிடப் போகும் பழக்கம் இந்த வாரத்தில் பெரும் நஷ்டம். பத்துக்கும் இரண்டுக்கும் இடையே பிணைகள் படுத்துக்கிடக்கும், அவற்றைத் தேடி முதிர்ந்த கிடா நடந்துகொண்டிருக்கும். முழுநாள் உட்காருபவர், விழாமல் காக்கும் உடல்பட்டையை மரத்தோடு கட்டியே இருக்க வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும்கூட. துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கயிற்றில் மேலே இழுங்கள். களைப்பில் தூங்கி விழுவது கற்பனை அல்ல. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் என்பதையும் மறக்காதீர்கள். பல மாநிலங்களில் சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பு தொடங்கி அஸ்தமனத்துக்கு அரைமணி பின்பு முடியும். எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை, எனவே அட்டவணையைச் சரிபாருங்கள்.

பிறகு நவம்பர் 12, 13 வாக்கில் காடு திடீரென்று அடங்கும். பலர் "முடிந்தது" என்று மூட்டை கட்டுவது இப்போதுதான், ஆனால் உச்சமே இதுதான். பிணை இணைய இசையும் நேரம் ஏறத்தாழ ஒரு நாள். அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மூன்று நாள் கிடா அதை ஒட்டியே நிற்கும், ஒதுக்குப்புறமான புதருக்கோ வயல் நடுவிலுள்ள சிறு மரக்கூட்டத்துக்கோ ஓட்டிச் சென்று அங்கேயே காவல் காக்கும். எல்லாக் கிடாக்களும் இப்படி ஜோடியாக முடங்கினால் வழிகளில் யார் நடப்பார்கள்? இந்த நாட்களில் இடுக்கு வழியை விட்டு, பிணைகளின் படுக்கையை ஒட்டியே உட்காருங்கள். வழக்கமாக மான் நிற்காத மூலைகளைத் தொலைநோக்கியால் துழாவுங்கள். தாயைவிட்டுத் தனியே திரியும் குட்டியைக் கண்டால் அருகில் எங்கோ தாயோடு ஒரு கிடா இருக்கிறது.

நவம்பர் 20ஐ ஒட்டிப் பிணை கிடைப்பது அரிதாகும்போது கிடா மீண்டும் அலையும். இந்த இரண்டாம் அலைச்சலைப் பலர் மதிப்பதில்லை. முதிர்ந்த கிடா பகலில் நடமாடுவதற்கு இது இன்னொரு வாய்ப்பு.

சினைப்படாத பிணை சுமார் 28 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். நவம்பர் 14இலிருந்து எண்ணினால் டிசம்பர் 12. மக்காச்சோளமும் சோயாவும் நிறைய உள்ள நிலத்தில் அந்த ஆண்டே பிறந்த பெண்குட்டிகளும் 32 கிலோ அளவை எட்டியதும் டிசம்பரில் பருவத்துக்கு வரும். இதைப் பெரிய ரட்டாக எதிர்பார்க்க வேண்டாம். கிடா உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை, சிலவேளை அதற்கும் மேல் இழந்திருக்கும், பசியே அதை நடத்தும். அறுவடையில் சிந்திய தானியம் கிடக்கும் வயலில், மாலையில், தாயும் குட்டிகளும் மேயும் இடத்தில் காத்திருங்கள். உங்கள் நிலத்தில் டிசம்பர் துரத்தல் ஆண்டுதோறும் பலமாக இருந்தால் பிணைகள் மிதமிஞ்சி, கிடாக்கள் போதாமல் இருக்கலாம். அக்டோபர் நடுவிலும் உடலில் புள்ளி மறையாத, அதாவது பிந்திப் பிறந்த, குட்டிகள் பல தெரிந்தால் அந்த ஐயம் வலுக்கும். அனுமதிச்சீட்டு இடம் தந்தால் பிணைகளைக் கூடுதலாக எடுப்பதே வழி.

மானை ஈர்க்கும் வாசனை பற்றிச் சுருக்கமாக: இயற்கையான மான் சிறுநீரில் செய்த வாசனைகளைச் சில மாநிலங்கள் தடைசெய்திருக்கின்றன. மானை உருக்கிக் கொல்லும் நோய் (சி.டபிள்யூ.டி) பரவும் என்ற அச்சமே காரணம். அதே நோய்க்காக மண்டையோட்டையும் முதுகெலும்பையும் எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் பல இடங்களில் தடை உண்டு. புறப்படுமுன் படித்துவிடுங்கள்.

ரட்டில் சுட்ட கிடாவின் இறைச்சி நாறும் என்று சொல்வது பெரும்பாலும் கைத்தவறு. பின்னங்காலின் உள்பக்கம் கறுத்து ஊறியிருக்கும் சுரப்பியைத் தொட்ட கத்தியாலும் கையாலும் இறைச்சியைத் தொட்டால் அந்த வாடை ஏறும். சுரப்பியைச் சீண்டாமல் விட்டுக் குடலை எடுங்கள், தோலுரிக்கும்போது அந்தப் பகுதியைத் தோலோடு சேர்த்தே நீக்குங்கள், பிறகு கத்தியை மாற்றுங்கள் அல்லது சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெப்பமான நவம்பர் நாளென்றால் நெஞ்சுக்கூட்டைத் திறந்து ஐஸ் பைகளை உள்ளே வைத்து, எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.