அயனியின் மின்சுமை: இழந்ததற்கு ஏன் கூட்டல் குறி?

எலக்ட்ரானை இழந்த அணுவுக்குக் கூட்டல் குறியும், எலக்ட்ரானைப் பெற்ற அணுவுக்குக் கழித்தல் குறியும் இடுகிறோம். வேதியியல் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: இழந்தால் குறையத்தானே வேண்டும், பிறகு ஏன் கூட்டல்? விதியாக மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அயனி, அதாவது மின்சுமை கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம், என்றால் என்ன என்பதே கடைசிவரை பிடிபடாமல் போய்விடுகிறது என்பதுதான் என் கவலை.

எலக்ட்ரான்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் புரோட்டான்களை எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு புரோட்டானின் மின்சுமை +1.602 × 10⁻¹⁹ கூலூம். எலக்ட்ரானின் மின்சுமையும் அதே அளவுதான், குறி மட்டும் எதிர். புரோட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப் போல் ஏறத்தாழ 1836 மடங்கு என்றாலும், மின்சுமையின் அளவில் இரண்டுக்கும் இடையே எந்த வேறுபாடும் இதுவரை எந்தச் சோதனையிலும் தென்படவில்லை. ஆகவே கணக்கு மிகச் சுருக்கமானது: ஒரு புரோட்டானின் மின்சுமையை +1 என்று கொண்டால், புரோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதே மின்சுமை. நியூட்ரானுக்கு இதில் பங்கில்லை. அது நிறையை மாற்றுமே தவிர, மின்சுமையைத் தொடாது.

சோடியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அணுக்கருவில் 11 புரோட்டான்கள், சுற்றிலும் 11 எலக்ட்ரான்கள், கழித்தால் சுழியம். வெளிக்கூட்டில் தனித்திருக்கும் ஓர் எலக்ட்ரான் போய்விட்டால், 11-லிருந்து 10 போக +1. இங்கே நேர்மின்சுமை புதிதாக வந்து சேரவில்லை. 11 புரோட்டான்களும் முன்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, அவற்றுள் ஒன்றை ஈடுசெய்ய ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவே. குளோரினில் இதற்கு நேர்மாறாக 17 புரோட்டான்களுக்கு எதிரே 18 எலக்ட்ரான்கள் நிற்பதால் -1.

சோடியம் தன் எலக்ட்ரானை "விரும்பிக் கொடுக்கிறது" என்று எழுதப்படும்போதெல்லாம் எனக்கு நெருடுகிறது. வாயு நிலையில் தனித்திருக்கும் சோடியம் அணுக்களிலிருந்து அந்த எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு (ஒரு மோல் என்பது ஏறத்தாழ 6.022 × 10²³ அணுக்கள்) ஏறத்தாழ 496 கிலோஜூல் செலவாகிறது. அதை ஏற்கும்போது குளோரின் அணு வெளியிடுவதோ மோலுக்கு ஏறத்தாழ 349 கிலோஜூல்தான். அதாவது இந்தக் கைமாற்றம் தனியாக நடந்தால் நட்டமே மிஞ்சும். எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் ஆற்றல், மோலுக்கு ஏறத்தாழ 787 கிலோஜூல், அந்த நட்டத்தை மட்டுமல்லாமல் உலோகத்தையும் குளோரின் மூலக்கூறையும் தனி அணுக்களாகப் பிரிப்பதற்கான செலவையும் ஈடுகட்டிவிடுகிறது. சோடியம் ஏன் +2 ஆவதில்லை என்பதற்கும் ஆற்றல் கணக்கே விடை தருகிறது: இரண்டாவது எலக்ட்ரானை அணுக்கருவுக்கு நெருக்கமான உள்கூட்டிலிருந்து பிடுங்க வேண்டியிருப்பதால், அதற்கு 4562 கிலோஜூல், முதலாவதைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல், தேவைப்படுகிறது.

புரோட்டான்களின் எண்ணிக்கைக்கு உள்ள அதிகாரத்தை ஒரே பார்வையில் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆக்சைடு, ஃபுளோரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் ஆகிய ஐந்து அயனிகளிலும் எலக்ட்ரான்கள் சரியாகப் பத்து. புரோட்டான்கள் மட்டும் முறையே 8, 9, 11, 12, 13. எனவே மின்சுமை -2, -1, +1, +2, +3. அதே பத்து எலக்ட்ரான்களை மேலும் மேலும் வலுவான அணுக்கரு உள்ளிழுப்பதால், அயனியின் ஆரமும் ஆக்சைடில் 140 பிக்கோமீட்டரிலிருந்து ஃபுளோரைடில் 133, சோடியத்தில் 102, மெக்னீசியத்தில் 72 என்று சுருங்கி, அலுமினியத்தில் ஏறத்தாழ 54-க்கு வந்துவிடுகிறது. இப்படி எண்ணிப் பார்க்க முடிவதற்கே 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லி செய்த ஆய்வுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அணு எண் என்பது அணுக்கருவின் மின்சுமையைக் குறிக்கிறது என்பது அதன் பிறகே உறுதிப்பட்டது.

இரும்பு போன்ற தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட அயனிகளைத் தருகின்றன. 26 புரோட்டான்களுக்கு 24 எலக்ட்ரான்கள் இருந்தால் +2, 23 இருந்தால் +3. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு +2 நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜனைப் பற்றிச் சுமக்க முடியும். ஓர் எலக்ட்ரான் குறைந்து +3 ஆகிவிட்டால் அந்தத் திறனை இழந்துவிடுகிறது.

பல அணுக்கள் சேர்ந்த அயனிகளுக்கும் இதே கழித்தல்தான். சல்ஃபேட்டில் கந்தகத்தின் 16 புரோட்டான்களும் நான்கு ஆக்சிஜன்களின் 32 புரோட்டான்களுமாக 48, எலக்ட்ரான்கள் 50, மின்சுமை -2. அம்மோனியம் அயனியைத்தான் நான் சற்று நிறுத்தி விளக்குவேன். அம்மோனியா மூலக்கூறில் 10 புரோட்டான்கள், 10 எலக்ட்ரான்கள். அமிலத்திலிருந்து அதனிடம் வந்து சேரும் ஹைட்ரஜன் அயனி எலக்ட்ரானே இல்லாத வெறும் புரோட்டான் என்பதால், 11-லிருந்து 10 போக +1 ஆகிறது. "நேர் அயனி என்றால் எலக்ட்ரானை இழந்தது" என்று மட்டும் படித்த பிள்ளை இந்த இடத்தில் திகைத்து நின்றுவிடும். ஏனெனில் அம்மோனியா இங்கே ஓர் எலக்ட்ரானைக்கூட இழக்கவில்லை, ஒரு புரோட்டானைப் பெற்றிருக்கிறது.