சிறுமூளையை விட்டுவிட்டு எடுத்த ஸ்கேன்

அடுத்த நிகழ்வு எந்த நொடியில் வரும் என்பதை மூளை எப்படிக் கணிக்கிறது என்று பார்க்கும் ஆய்வொன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மணிக்கட்டில் டைட்டானியம் தகடு இருப்பதைப் படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தும், அறுவை சிகிச்சைக் குறிப்பு தேவை என்பதை எம்ஆர்ஐ அறை வாசலில்தான் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உடலில் உலோகம் உள்ளவர்கள், அதன் வகை குறிப்பிடப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்காவிட்டாலும் கொண்டுபோவது நல்லது.

குறிப்போடு மீண்டும் போனேன். ஸ்கேனுக்குள் படுத்தபடி, திரையில் ஒளி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு சுற்றில் சீராக ஒலிக்கும் பீப் ஒலிகள் அந்தத் தருணத்தைக் காட்டிக்கொடுக்கும். மறுசுற்றில் தாளம் இருக்காது, முன்பு கேட்ட ஒற்றை இடைவெளியை மனத்தில் வைத்துத்தான் கணிக்க வேண்டும். 2018இல் மூளை ஆய்வாளர்கள் பிரெஸ்காவும் ஐவ்ரியும் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகள் தாளத்தைக் கொண்டு கணிப்பதிலும், சிறுமூளை சிதைந்தவர்கள் ஒற்றை இடைவெளியைக் கொண்டு கணிப்பதிலும் தடுமாறினர். ஆகவே மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்க்லியா, பின்புறச் சிறுமூளை இரண்டுமே படத்தில் விழ வேண்டும்.

விழவில்லை. ஸ்கேன் எல்லையைக் குறித்தவர் உச்சந்தலை வரை ஏற்றி வைத்ததில் சிறுமூளையின் அடிப்பாதி வெட்டுப்பட்டிருந்தது. அது எல்லாம் முடிந்த பிறகே தெரிந்தது. போதாக்குறைக்கு, காதடைப்பையும் மீறி எந்திரம் 'டக் டக்' என்று தனக்கென ஒரு தாளத்தில் இரைந்துகொண்டிருந்ததால், தாளமே இல்லாத சுற்றிலும் என் விரல் அதனோடு ஓடியது. மைக்கில் முறையிட்டபோது, "அசையாமல் படுத்திருங்கள்" என்பதே பதில்.

ஆய்வாளரிடம் நேரில் வாதாடிய பின் மறுமுறை ஏற்பாட்டை மாற்றினார்கள். நரம்புச் செயல்பாட்டுக்கு ஐந்தாறு நொடிகள் கழித்தே எந்திரம் பதியும் ரத்த ஓட்டச் சமிக்ஞை உச்சத்தை எட்டும் என்பதால், எந்திரத்தின் இரைச்சலை நிறுத்திப் பீப் ஒலிகளைக் கேட்கச் செய்து, பிறகு படமெடுக்க முடிகிறது. மில்லிநொடி மாற்றங்கள் இதில் தெரியா. அவற்றுக்காக மூளையின் மின்னலைகளை அளக்கும் ஈஈஜி பதிவு, தலையில் ஒட்டிய பசையைக் கழுவும் தொல்லையைத் தவிர, சுலபமாக முடிந்தது.

குழாய்க்குள் போகும் முன்பே, சிறுமூளை முழுவதும் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுவிட்டேன். தொழில்நுட்பர் முகத்தைச் சுளித்தார். ஆனால் முதற்படத்தைப் பார்த்ததும், ஒன்றும் பேசாமல் கட்டத்தைக் கீழே இறக்கினார்.