பெல்லாவுக்கு ஊதா ஆகாது

ஜூன் 4

தி சிம்ஸ் 4 கணினி ஆட்டத்துக்கு 'டிரீம் ஹோம் டெக்கரேட்டர்' என்ற கூடுதல் பேக் ஏற்றியாச்சு. 2021 ஜூனில் வந்த பழைய சரக்கு. தாய் ஆட்டம் 2022 அக்டோபரிலிருந்து இலவசம், இதற்குத் தனிக் காசு. புது ஊர் கிடையாது. அடுத்தவர் வீட்டைப் புதுப்பித்துக் கொடுக்கும் டெக்கரேட்டர் வேலை, கூடவே துண்டு துண்டாக இணைக்கும் சோபாவும் அலமாரியும். போதும்.

ஜூன் 5

முதல் வாடிக்கையாளர்: ஆட்டத்தில் வரும் வில்லோ கிரீக் என்ற ஊர், ஒஃபீலியா வில்லா என்ற வீடு, காத் குடும்பம். கூடம் ஒன்று மட்டும்.

வரிசை மாறக்கூடாது. முதலில் பேச்சு, பிறகு 'முன்' படம், அதன் பிறகே பில்ட் மோட், அதாவது கட்டவும் சாமான் வைக்கவும் உள்ள திரை. சுவரில் கை வைத்த பின் பழைய கோலத்தைப் படம் எடுக்க வழியில்லை. அறையின் மூலையில் நின்று எடுத்தால் இரண்டு சுவர் ஒரே படத்தில் வரும். எந்த மூலை என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், 'பின்' படத்தையும் அங்கேயே நின்று எடுத்தால்தான் ஒப்பிடும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பேச்சு என்றால் ஒருவரோடு முடிகிற பேச்சு இல்லை. அப்பா மார்டிமர், அம்மா பெல்லா, மகள் கஸாண்ட்ரா எல்லோரிடமும் தனித்தனியாக நிறமும் பாணியும் கேட்க வேண்டும். வீட்டுத் தலைவர் சொன்னதே வீட்டுக்குப் பிடித்தது என்று கிளம்பினால் திறப்பு நேரத்தில், அதாவது முடித்த அறையை வீட்டாருக்குக் காட்டும்போது, வேறு முகங்களைப் பார்க்க வேண்டிவரும். நான் சேமித்து ஆடும் இந்த ஆட்டத்தில் மார்டிமருக்கு ஊதா என்றால் உயிர். பெல்லாவுக்கு ஊதா ஆகாது.

ஜூன் 6

ஊதாவை என்ன செய்வது என்பதிலேயே பொழுது போய்விட்டது.

வாங்கும் பட்டியலில் நிறத்துக்கும் பாணிக்கும் வடிகட்டி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பட்டியல் சுருங்கி நாலைந்து பொருளில் வந்து நிற்கும், அறை கடை ஷோரூம் மாதிரி ஆகிவிடும். பாணியை மட்டும் வடிகட்டி, நிறத்தை ஸ்வாட்சில் (ஒரே பொருளின் நிற வகைகளில்) கையால் தேர்ந்தெடுப்பது மேல். ஒரே நாற்காலி பத்து ஸ்வாட்சில் வரும். நாம் வைத்த ஸ்வாட்ச் எதுவோ அதுதான் அந்தப் பொருளின் நிறம்.

ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்கு ஆகாது என்றால் அந்த நிறத்தை விட்டுவிடலாம். பிடித்ததை வைக்காமல் விட்டால் மகிழ்ச்சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆகாததை வைத்தால் முகமே சுருங்கும். சுவர், தரை, பெரிய சாமான் எல்லாம் யாரும் வாய் திறக்காத நிறத்தில் இருக்கட்டும். மார்டிமரை அவருக்குப் பிடித்த பாணியை வைத்துத் திருப்திப்படுத்தலாம்.

எனக்கு அந்தக் கூடத்தில் ஆழ்ந்த ஊதா சுவர்தான் அழகு என்று படுகிறது. என் ரசனைக்கு இந்த வேலையில் சம்பளம் இல்லை.

ஜூன் 7

பெல்லாவுக்கு ஊதா ஆகாது. பெல்லாவுக்கு ஊதா ஆகாது.

ஜூன் 8

சோபா.

துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தாமே ஒட்டிக்கொள்ளும், தரைக் கட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்தால். ஆல்ட் விசையைப் பிடித்து அரைக்கட்டம் நகர்த்தினால் இணைப்பு போய், நடுவில் ஒரு கீறல் விழும். மூலை எங்கே வரப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் வளர்த்துக்கொண்டு போக வேண்டும். சுவரோரம் தொடங்கிக்கொண்டு வந்தால் கடைசியில் மூலை ஜன்னலுக்கு எதிரே வராமல் கதவுக்கு எதிரே வந்து நிற்கும்.

கதவின் இரு பக்கமும் ஒரு கட்டம் காலி. சாப்பாட்டு நாற்காலிக்குப் பின்னால் ஒரு கட்டம் காலி, இழுத்து உட்கார. பிபி.மூவ்ஆப்ஜெக்ட்ஸ் ஆன் என்ற குறுக்குவழிக் கட்டளையைப் போட்டுவிட்டால் எதையும் எதன் மேலும் நுழைக்கலாம். பில்ட் மோட் தடுக்காது. தடுப்பது பிறகு: சிம் (ஆட்டத்து மனிதர்) வந்து நிற்கும், கையைத் தூக்கி ஆட்டும், திரும்பிப் போகும். அந்தக் கட்டளையைச் சுவரோரச் சாமான், சாடி, புத்தகக் குவியல் இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உட்காருகிற, படுக்கிற சாமானில் வேண்டாம்.

சாமானைப் பெரிதாக்கும் அடைப்புக்குறி விசையும் அப்படித்தான். சாடியைப் பெரிதாக்கலாம். நாற்காலியைப் பெரிதாக்கினால் சிம் அதற்குள் புதைந்து உட்காரும்.

இடது கை கட்டோடு ஆல்ட்டையும் மவுஸையும் சேர்த்துப் பிடிப்பது பெரிய வித்தை.

ஜூன் 9

எக்ஸ்ரே நாளைக்கு.

ஜூன் 11

திறப்பு. அதற்கு முன்னால் ஆட்டத்தைச் சேமிக்க வேண்டும், அதுவும் தனிப் பெயரில். 'பின்' படங்கள் அதே மூலையிலிருந்து. வாடிக்கையாளர்கள் அறைக்குள் வந்து நிற்க நடுவில் வெற்றிடம் விட்டிருக்க வேண்டும், கம்பளம் மட்டும் விரித்த இடம் நல்லது. நடுவில் டீப்பாய் போட்டால் எல்லோரும் கதவிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பெல்லா சிரித்தாள். மார்டிமர் பரவாயில்லை ரகம். கஸாண்ட்ராவின் மூலையில் வைத்த வயலின் எடுபட்டது.

ஊதா இல்லாத கூடம். இன்னும் உறுத்துகிறது.

ஜூன் 12

அடுத்த வாடிக்கையாளர்கள் பாப், எலைசா பான்கேக்ஸ். அவர்கள் வீட்டுச் சமையலறை.

சமையலறையில் அழகு பார்ப்பவர்கள் மறந்துபோகும் விஷயம் காலி மேடை. காய் நறுக்க ஒரு கவுண்டர் வெறுமையாக இருக்க வேண்டும். ஒன்றில் சிங்க், ஒன்றில் மைக்ரோவேவ், ஒன்றில் காபி மெஷின், மிச்சத்தில் பூச்சாடியும் பழக்கூடையும் என்று நிரப்பினால் படத்தில் பிரமாதம். பாப் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்து அறை வரை போய் நறுக்குவார். அடுப்பு, ஃபிரிட்ஜ், காலி கவுண்டர், சிங்க் நான்கும் கைக்கெட்டும் தூரத்தில். அலங்காரம் சுவர் அலமாரியோடு சரி.

பழைய சாமானை 'கே' அழுத்தி உடைப்பதற்கு முன் ஒரு சுற்று பார்க்க வேண்டும். ஒரு பொருள் வீட்டுக்காரர் பாணியிலேயே இருந்தால் 'ஆர்' போட்டு ஸ்வாட்ச் மட்டும் மாற்றலாம், பட்ஜெட்டில் கை வைக்காமல் புதுசாகிவிடும். சுவர்க் காகிதத்தை ஷிப்ட் பிடித்து ஒரு சொடுக்கில் அறை முழுக்க ஒட்டலாம். ஒட்டிய கையோடு பட்ஜெட் எண்ணைப் பார்க்க வேண்டும். சிமோலியன் (ஆட்டத்துக் காசு) அதிகம் கரைவது சோபாவில் அல்ல, விலை கூடிய சுவரில்.

ஜூன் 14

மழை. எதிலும் மனசு ஒட்டவில்லை. கட்டுக்குள் அரிப்பு.

தரையின் ஒரு பகுதியை உயர்த்தி மேடை போட்டுப் பார்த்தேன். தாழ்ந்த மேடையில் சிம் தானே ஏறும், உயர்த்தினால் படி கேட்கும். படுக்கைக்கு மட்டும் மேடை போட்டால் சின்ன அறை இரண்டு அறையாகத் தெரிகிறது. ஆனால் படுக்கையின் இரு பக்கமும் மேடை ஒரு கட்டம் நீள வேண்டும், இல்லாவிட்டால் சுவர்ப்பக்கம் படுப்பவர் ஏற முடியாது.

சுவர் உயரத்தைத் தொடவே கூடாது. மூன்று உயரம் இருக்கிறது, மாற்றினால் அந்தத் தளம் முழுக்க மாறும். ஓர் அறைக்குக் காசு வாங்கிக்கொண்டு பக்கத்து அறை ஜன்னலை எல்லாம் குள்ளமாக்கிவிட்டுப் போகிறோம்.

ஜூன் 15

ஒரு வீட்டில் அப்பாவுக்கு ஊதா பிடிக்கும். அம்மாவுக்கும். மகனுக்கும்!

ஜூன் 16

ஊதாவில் ஏழு ஸ்வாட்ச் எடுத்து வைத்திருக்கிறேன். அடர்ந்தது ஜன்னல் இல்லாத சுவரில் கறுப்பாகவே தெரிகிறது, லைவ் மோடில் (சிம்கள் நடமாடும் திரையில்) விளக்கைச் சொடுக்கி ஒளியைக் கூட்டினால்தான் நிறம் வெளியே வருகிறது. கூரை விளக்கு இரண்டு, சுவர் விளக்கு நாலு. மஞ்சள் ஒளி வேண்டாம், ஊதா பழுப்பாகிவிடும். நாளைக்கு வெள்ளை ஒளியில், பகலிலும் இரவிலும் பார்க்க வேண்டும்.