மகளுக்கு ஒரு வாலிபால் கிளப்

2025 ஜூன் 7, சனி

இன்றிலிருந்து இதை எழுதி வைக்கப் போகிறேன். போன வருடம் அவசரத்தில் முடிவெடுத்துவிட்டு ஒரு பருவம் முழுக்க வருந்தினோம். இந்த முறை பார்த்தது, கேட்டது, செலவு எல்லாவற்றையும் அன்றன்றைக்கே குறித்து வைத்தால் எங்களுக்கும் தெளிவு கிடைக்கும். வேறு பெற்றோர் யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ. மகள் ஆகஸ்டில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். இங்கே பள்ளி அணி வேறு, கிளப் அணி வேறு. பள்ளி ஆட்டங்கள் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். கிளப் ஆட்டங்கள் குளிர்காலம், வசந்தம் என்று அடுத்த கோடை வரை நீளும். ஆனால் கிளப்புக்கான ட்ரைஅவுட், அதாவது ஆட வைத்துப் பார்த்து ஆள் எடுக்கிற தேர்வு, இந்தக் கோடையிலேயே வந்துவிடுகிறது. வயதுக் கணக்கு ஜூலை 1. வருகிற பருவத்துக்கு, 2011 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 14 வயதுப் பிரிவு. இவள் 2011 அக்டோபர், குழப்பமில்லை.

போன வருடம் நடந்தது இது. ட்ரைஅவுட் முடிந்த அன்றே ஒரு கிளப் இடம் தந்தது. இரவு 9 மணிக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். பெயரைச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கிளப். அதனாலேயே கையெழுத்துப் போட்டோம். அணியில் 12 பேர், களத்தில் நிற்பது 6 பேர். பின்வரிசையில் பந்து எடுக்க மட்டுமே இவளோடு சேர்த்து நான்கு பேரை எடுத்திருந்தார்கள் என்பது நவம்பரில்தான் தெரிந்தது. பிப்ரவரியில் ஒரு மூன்று நாள் போட்டிக்கு ஐந்து மணி நேரம் காரோட்டிக்கொண்டு போனோம். அந்த மூன்று நாளில் அவள் களத்தில் இறங்கியது இரண்டே செட்டில், அதுவும் சர்வீஸ் போட்டுவிட்டு வெளியே வருவதற்கு. திரும்பும்போது முழங்கால் உறையைக்கூடக் கழற்றாமல் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். வீடு வரும்வரை நானும் இவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஒப்பந்தத்தில் "ஆட்ட நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அநேகமாக எல்லாக் கிளப்பிலும் அந்த வரி உண்டு. அது வீட்டுக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். ஆகஸ்ட் வரை இருப்பார். 72 வயது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அறுவடை முடிந்த வயலில் கம்பம் நட்டு வலை கட்டி, திருவிழா சமயத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் விடிய விடிய ஆடியவர். அணிக்கு லிஃப்ட் பண்ணித் தருகிறவர், அதாவது அடிக்கிறவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர், அவர்தான். இன்னமும் அவர் விரல்களைப் பார்த்தால் தெரியும், இரண்டு விரல் நேராக நிற்காது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தாவும் பேத்தியும் விதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் காலத்தில் செட்டுக்கு 15 பாயின்ட், சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயின்ட். இப்போது 25, யார் சர்வீஸ் போட்டாலும் பாயின்ட். சர்வீஸ் வலையில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் அப்போது தவறு, இப்போது ஆட்டம் தொடரும். இதையெல்லாம் அவர் டிவியில் பார்த்திருக்கிறார். லிபரோவைப் பற்றித்தான் அவள் விரிவாக விளக்க வேண்டியிருந்தது. சர்வதேச ஆட்டத்துக்கு 1998-ல் வந்த இடம் அது. வேறு நிறச் சட்டை, பின்வரிசையில் மட்டும் ஆடுவார், பிளாக் பண்ணக் கூடாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது. அமெரிக்க விதிப்படி ஒரு சுற்றில் சர்வீஸும் போடலாம்.

மகளுக்கு 5 அடி 1 அங்குலம். வலையின் உயரம் 2.24 மீட்டர். வயது வந்த பெண்களுக்கும் இதே உயரம்தான். அவளுக்கு லிபரோவாக ஆட வேண்டும் என்று ஆசை. ஜஸ்டின் வாங்-ஒராண்டஸ் ஆடுவதைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினாள். 5 அடி 6 அங்குலம்தான் அவர் உயரம். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி முதன்முதலாகத் தங்கம் வாங்கியபோது சிறந்த லிபரோ விருது அவருக்கு. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு பந்து வர்றதுக்கு முன்னாடியே அங்க போய் நிக்குது பாரு" என்றார். மகள் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் போட்டாள்.

ஜூன் 14, சனி

முதல் கிளப்பைப் பார்க்கப் போனோம். எட்டு கோர்ட், முழுக்க ஏசி, சுவர் நிறையக் கல்லூரிகளில் சேர்ந்த பெண்களின் படங்கள். நுழைந்ததும் மனசு பெரிதாகிவிடுகிறது, அதை மறைக்கவில்லை. ட்ரைஅவுட்டுக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் வந்து ஆடிப் பார்க்கலாம் என்று ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார்கள். மகளோடு அவளுடைய தோழியும் வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், நான்கு வருடமாக இருவரும் சேர்ந்தே ஆடுகிறார்கள்.

பெரிய பெண்களின் அணி ஒன்று பக்கத்துக் கோர்ட்டில் ஆடியது. என்ன வேகம்! நான் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். காரில் ஏறியதும் அப்பா, "நாப்பத்தாறு" என்றார். என்னப்பா என்று கேட்டேன். "பாப்பா ஒன்றரை மணி நேரத்துல நாப்பத்தாறு தடவை பந்து தொட்டுச்சு. மீதி நேரம் வரிசையில நின்னுச்சு." ஒரு கோர்ட்டில் 14 பெண்கள், ஒரே பயிற்சியாளர் ஒவ்வொருவருக்காகப் பந்து போட்டார். அது எனக்கும் தெரிந்தது. ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு தோழி போன் பண்ணினாள். அவள் மகள் பெரிய கிளப் ஒன்றில் 16 வயதுப் பிரிவில் ஆடுகிறாள். "இப்பவே பேர் உள்ள இடத்துல சேக்கலேன்னா காலேஜ் கோச் யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள். அக்கறையில்தான் சொன்னாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. தேசியத் தகுதிப் போட்டிகளில்தான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் கோர்ட்டுக்குக் கோர்ட் நோட்டோடு சுற்றுகிறார்கள், அங்கே அதிகம் போவது பெரிய கிளப்கள். ஆனால் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கிற என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, முதல்நிலைக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்துதான் ஒரு பெண்ணிடம் சேர்க்கை பற்றிப் பேசவே முடியும். இவள் எட்டாம் வகுப்பு. அதுவரை இருக்கிற மூன்று வருடத்தில் அவள் பந்து எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், ஆட வேண்டும். மூலையில் உட்கார்ந்திருந்தால் எந்த விளம்பரப் பலகையும் அவளுக்குக் கற்றுத் தராது.

இவருக்கு இந்த விஷயத்தில் இன்னும் தயக்கம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 21, சனி

இரண்டாவது கிளப். ஒரு தேவாலயத்தின் ஜிம்மை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். இரண்டே கோர்ட். தண்ணீர்க் குழாயில் ஒன்று வேலை செய்யவில்லை. பயிற்சியாளர் ஒரு பெண், கல்லூரியில் லிஃப்ட் இடத்தில் ஆடியவர். அரைக் கோர்ட்டில் மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டு, ஒருவர் சர்வீஸ், ஒருவர் எடுப்பது, ஒருவர் லிஃப்ட் என்று மாற்றி மாற்றி ஆட வைத்தார். அப்பா ஒரு மணி நேரத்தில் 150 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு இன்னொன்று பிடித்தது. மகள் இடது பக்கம் வந்த பந்தைத் தொடர்ந்து நான்கு தடவை விட்டாள். பயிற்சியாளர் விசில் ஊதவில்லை. பக்கத்தில் வந்து அவள் வலது காலைச் சற்று முன்னால் வைக்கச் சொல்லி, தோளை இலக்குப் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார். ஐந்தாவது பந்து போக வேண்டிய இடத்துக்குப் போனது.

முடிந்த பிறகு நான் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டேன். அணியில் எத்தனை பேர், அதில் பின்வரிசைக்கு எத்தனை பேர்? "பத்து பேர். பின்வரிசைக்கு இரண்டு பேர், யார் லிபரோ என்பது ஜனவரிக்குப் பிறகுதான். இருவரும் ஆடுவார்கள்" என்று நேராகச் சொன்னார். முதல் கிளப்பில் இதே கேள்விக்கு, "ட்ரைஅவுட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது" என்றார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் நான் போன வருடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அடுத்ததாக, 14 வயது அணிக்கு நீங்களேதான் பயிற்சி தருவீர்களா, எழுத்தில் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார். கிளப்பின் பெயருக்குப் பணம் கட்டுகிறோம், ஆனால் வாரத்தில் மூன்று மாலை அவளோடு நிற்கப் போவது ஒரே ஒரு ஆள்.

மூன்றாவதாக ஒரு கிளப் உண்டு. நல்ல பேர். ஒரு வழிக்கு 55 நிமிடம், சாயங்கால நெரிசலில் இன்னும் கூடும். விட்டுவிட்டோம்.

ஜூன் 22, ஞாயிறு

அமெரிக்க வாலிபால் சம்மேளனத்தின் கீழ் இளையோருக்குப் பயிற்சி தருகிற பெரியவர்கள் எல்லோரும் குற்றப் பின்னணிச் சோதனையும், விளையாட்டில் நடக்கும் அத்துமீறல்களைத் தடுப்பதற்கான சேஃப்ஸ்போர்ட் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். நடவடிக்கைக்கு ஆளானவர்களின் பட்டியலை சேஃப்ஸ்போர்ட் மையம் இணையத்தில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடலாம். இரண்டு கிளப் பயிற்சியாளர்களின் பெயரையும் தேடினேன். எதுவும் இல்லை. பெரியவர் ஒருவர் குழந்தைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரோ இன்னொரு பெரியவரோ அதில் இருக்க வேண்டும் என்பதும் விதி. மகளை உட்கார வைத்து இதைச் சொன்னேன். யாராவது மீறினால் தயங்காமல் என்னிடம் காட்டச் சொன்னேன். பெண்பிள்ளையை விளையாட அனுப்புகிற எந்தத் தாயும் கூச்சப்படாமல் இதைச் செய்ய வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

செலவுக் கணக்கு. பெரிய கிளப்பில், தேசிய அளவிலான போட்டிகளுக்குப் போகிற அணிக்கு 5,200 டாலர். சிறிய கிளப்பில் 2,900. இரண்டிலும் சீருடை சேர்த்தி. ஷூ, முழங்கால் உறை, வெளியூர்ப் பயணம் நம் பொறுப்பு. பெரிய போட்டிகள் பலவற்றில், அவர்கள் சொல்கிற ஹோட்டலில்தான் அணி தங்க வேண்டும். பக்கத்தில் மலிவான அறை இருந்தாலும் எடுக்க முடியாது. போன வருடம் இதை முன்கூட்டிக் கணக்கில் வைக்கவில்லை. பெரிய கிளப் அட்டவணையில் விமானத்தில் போகிற போட்டி மூன்று. சிறிய கிளப்பில் ஒன்றுகூட இல்லை, டாலஸில் நடக்கும் போட்டிகளே நிறைய.

அவளுடைய முழங்காலும் இருக்கிறது. வளர்கிற வயது, மார்ச்சில் முழங்காலுக்குக் கீழே வலி என்று இரண்டு வாரம் உட்கார்ந்தாள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும், வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகி இருப்பதும் வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. பெரிய கிளப்பின் அட்டவணையில் அந்த மூன்று மாதத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஜூலை 12, சனி

ட்ரைஅவுட். காலையில் பெரிய கிளப், மாலையில் சிறியது. சட்டையில் எண் ஒட்டினார்கள். உயரம், நின்றபடி கை எட்டும் உயரம், குதித்து எட்டும் உயரம் எல்லாம் அளந்தார்கள். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்பதால் வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு மணி நேரம். வெளியே கொதிக்கிறது. அப்பா காரில் உட்கார மறுத்து, கட்டடத்தின் நிழலில் நின்றுகொண்டே இருந்தார்.

மாலை 6 மணிக்குப் பெரிய கிளப்பிலிருந்து அழைப்பு. இரண்டாவது அணியில் இடம், பின்வரிசை. இந்த முறையும் அன்றிரவே பதில் வேண்டும். அவள் தோழிக்கும் அதே அணியில் இடம், அவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். எட்டரைக்குச் சிறிய கிளப் அழைத்தது.

இவர் மகளைக் கேட்டார்: "உனக்கு எங்க போகணும்?" வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தோழி இல்லாமல் ஆட பயமாக இருக்கிறது என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, "ஆனா எனக்கு ஆடணும்மா" என்றாள். பெரிய கிளப்புக்கு நானே போன் பண்ணி நன்றி சொல்லி மறுத்தேன். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். இவரும் சரி என்றார். பெரிய இடத்தை விடுகிறோமே என்கிற சிறு கவலை அவர் முகத்தில் இருந்தது, எனக்கும் இருந்தது.

ஜூலை 26, சனி

சீருடை அளவு கொடுத்துவிட்டு வந்தோம். அவள் கேட்ட 4-ஆம் எண் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது, 11 கிடைத்தது. இந்தப் பருவத்தில் மற்ற அணிகளின் ஆட்டங்களுக்குக் கோட்டு நடுவராக நிற்பது, ஸ்கோர் எழுதுவது எல்லாம் பெண்கள்தான் செய்ய வேண்டும். அதற்கான வகுப்பையும் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கோர் தாளை அப்பாவிடம் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறாள்.

இரண்டு வாரமாகத் தோழியும் இவளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவும் நானும் அதைப் பற்றி ஒருமுறை பேசி, நாம் தலையிட வேண்டாம் என்று விட்டோம். இன்று சாயங்காலம் வெயில் தணிந்ததும் அழைப்பு மணி அடித்தது. அந்தப் பெண் பந்தோடு நின்றாள். இருவரும் எதுவும் பேசாமல் வீட்டு முன்னால் போய் எதிரெதிரே நின்று, ஒருத்தி அடிக்க ஒருத்தி எடுக்க ஆரம்பித்தார்கள். அப்பா வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். இருட்டி விளக்கு வந்த பிறகும் ஆடினார்கள். பந்து பக்கத்து வீட்டுச் செடிக்குள் போகும்போதெல்லாம் அவர் எடுக்கப் போகிறவர் மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.