இரிங்கா போனால் கலெங்காவை விட்டுவிடாதீர்கள்

பஜாஜிக்காரர் (அங்கே ஆட்டோவுக்கு அதுதான் பெயர்) மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தான்சானியாவின் இரிங்காவிலிருந்து கலெங்கா சுமார் 15 கிலோமீட்டர்தான். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒரு தொகை பேசித்தான் அந்த ஆட்டோவில் ஏறினோம். திரும்பி வந்து இறங்கியதும் காத்திருந்த நேரத்துக்குத் தனியாகப் பாதித் தொகை கேட்கிறார்! நடுத்தெருவில் மல்லுக்கட்டி, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துத்தான் விடுபட்டோம். அந்தக் காசில் இரண்டு வேளை சாப்பாடு ஆகியிருக்கும்.

சரி, போன இடத்துக்கு வருவோம். ஹெஹே மக்களின் தலைவர் ம்க்வாவாவின் தலைநகரம் கலெங்கா. 1891 ஆகஸ்ட் 17 அன்று லுகாலோவில், அந்தப் பகுதியைக் காலனியாக்க வந்த செலெவ்ஸ்கி என்ற ஜெர்மன் தளபதியின் படையை ஹெஹே வீரர்கள் மறைந்திருந்து தாக்கி அழித்தார்கள், செலெவ்ஸ்கியும் அங்கேயே செத்தார். அதற்குப் பழிவாங்க 1894 அக்டோபரில் பீரங்கிகளோடு வந்து கலெங்கா கோட்டையைத் தகர்த்த படையில் இருந்தவர்தான் டாம் பிரின்ஸ் என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி. மொரீஷியஸின் போர்ட் லூயியில் 1866இல் பிறந்தவர், தகப்பன் பிரிட்டிஷ்காரர், தாய் ஜெர்மன். இரிங்காவில் 1896இல் ராணுவ முகாம் போட்டதும் இவரே. சுற்றுலாக் குறிப்புகளில் "ஊரை நிறுவியவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் எரிச்சல். தப்பிப்போன ம்க்வாவாவை வேட்டையாடப் போட்ட முகாம் அது, அதை யாராவது ஒருவர் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ம்க்வாவாவின் தலைக்கு 5000 ரூபாய் விலை வைத்தார்கள் (அங்கே அப்போது ரூபாய்தான் நாணயம்). 1898 ஜூலையில், பிடிபடும் நிலையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அப்படியும் விடவில்லை, தலையை வெட்டி எடுத்துப் போனார்கள்.

கலெங்காவின் சின்ன அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த மண்டையோடு இருக்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டும் என்று முதல் உலகப் போர் முடிந்து 1919இல் போட்ட வெர்சாய் ஒப்பந்தத்தின் 246ஆவது பிரிவிலேயே எழுதியிருந்தும், ஜெர்மனியின் பிரெமன் அருங்காட்சியகத்திலிருந்து வந்து சேர 1954 ஆனது! அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

பிரின்ஸ் 1900இல் படையை விட்டு உசம்பரா மலையில் தோட்டம் போட்டார், 1907இல் பெயருக்கு முன்னால் "ஃபொன்" என்ற பிரபுப் பட்டமும் கிடைத்தது. முதல் உலகப் போர் வந்ததும் மறுபடி சீருடை மாட்டி, 1914 நவம்பர் 4 அன்று டாங்கா சண்டையில் செத்தார். அவர் ஆயுளில் பல வருடங்கள் இந்த நாட்டின் மேல் படையெடுப்பதிலேயே போயிருக்கிறது.

கடைசியாக, இரிங்காவுக்குப் போகும் பேருந்து விவரம். தார் எஸ் சலாமிலிருந்து விடியற்காலை வண்டியையே பிடியுங்கள், மிகுமி தேசியப் பூங்காவின் நடுவே போகிற சாலையில் ஜன்னலோரம் கிடைத்தால் காசில்லாமல் யானை பார்க்கலாம். அப்புறம் பாவோபாப் மரங்கள், கிட்டோங்கா மலை ஏற்றம். எங்கள் வண்டி அந்த ஏற்றத்தில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது, குளிர்சாதனமும் கிடையாது. இரிங்கா இறங்கியதும் ரோட்டோரக் கடையில் சிப்ஸ் மயாய் சாப்பிடுங்கள், உருளைக்கிழங்கு வறுவலை முட்டையோடு சேர்த்துச் சுடச்சுடத் தருவார்கள். அந்தப் பயணத்தில் மலிவாகவும் வயிறு நிறையவும் சாப்பிட்டது அதுதான்.